குரலா, ஆயுளா? புற்றுநோயாளியின் விருப்பத்தை அளப்பது பற்றி

1981இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த பார்பரா மெக்நீலும் அவருடைய சகாக்களும் 37 பேரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். யாருக்கும் நோய் இல்லை. 12 பேர் தீயணைப்பு வீரர்கள், 25 பேர் நிறுவன அதிகாரிகள். உங்களுக்குக் குரல்வளையில் புற்று வந்து முற்றிய நிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுவை செய்து குரல்வளையை எடுத்துவிட்டால் நூற்றுக்கு 60 பேர் மூன்றாண்டு கடந்தும் உயிரோடு இருப்பார்கள், ஆனால் இயல்பான பேச்சு போய்விடும். கதிர்வீச்சு கொடுத்தால் குரல் பெரும்பாலும் தங்கும், உயிரோடு இருப்பவர்களோ 30 முதல் 40 பேர்தான். எதை எடுத்துக்கொள்வீர்கள்?

அன்றைய அறுவை மருத்துவர்கள் பலருக்கு இது கேட்கவே தேவையில்லாத கேள்வி. உயிர் இருந்தால்தானே குரல்? ஆனால் கேட்கப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் குரலை வைத்துக்கொள்வதாகச் சொன்னார். உயிர்பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது என்று தெரிந்தே சொன்னார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பே மெக்நீல் குழு நுரையீரல் புற்றுநோயில் இதே போன்ற ஒன்றைக் காட்டியிருந்தது. அறுவை சிகிச்சைக்கு ஐந்தாண்டுக் கணக்கு சாதகம், ஆனால் அறுவை மேசையிலோ அதை ஒட்டிய நாட்களிலோ சிலர் இறந்துவிடுகிறார்கள். கதிர்வீச்சில் அந்த உடனடி ஆபத்து இல்லை. பேத்தியின் கல்யாணம் அடுத்த தையில் என்றிருக்கும் ஒருவருக்கு ஐந்தாம் ஆண்டைவிட இந்த ஓராண்டு பெரிது. ஐந்தாண்டுக் கணக்கை மட்டும் வைத்து 'இதுதான் சிறந்த சிகிச்சை' என்று தீர்ப்புச் சொல்லும்போது, எல்லா ஆண்டுகளுக்கும் எல்லா மனிதர்களும் ஒரே மதிப்புத் தருகிறார்கள் என்று நாம் எடுத்துக்கொண்டுவிடுகிறோம். யாரும் அப்படித் தருவதில்லை.

சிகிச்சையின் பலன் என்பது பல பலன்களின் மூட்டை. அதில் எதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை நோயாளிதான் சொல்ல முடியும். ஆகவே அவரிடம் கேட்டு அளக்க வேண்டும். இந்த வாதத்தை இன்று எவரும் மறுப்பதில்லை. எப்படிக் கேட்பது, யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது என்பதில்தான் நாற்பது ஆண்டுச் சண்டை. அந்த ஆய்வுகளை வரிசையாகப் படித்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: விருப்பம் என்பது நோயாளியின் மனதுக்குள் தயாராக உட்கார்ந்திருக்கும் பொருள் அல்ல. கேட்கிற விதத்தில் பாதி உருவாகிறது, தெரிந்த உண்மையின் அளவில் மீதி உருவாகிறது.

முதலில் அளவுகோல்களைப் பார்ப்போம். பழையது பொருளாதாரத்திலிருந்து வந்தது. 1944இல் வான் நாய்மனும் மார்கன்ஸ்டெர்னும் எழுதிய விளையாட்டுக் கோட்பாட்டு நூலின் தர்க்கம் அது. நோயாளியிடம் ஒரு சூதாட்டத்தை நீட்டுகிறார்கள். இப்போதிருக்கும் நிலையிலேயே இருக்கலாம், அல்லது ஒரு மாத்திரை விழுங்கலாம். மாத்திரை முழு நலத்தைத் தரலாம், உடனே கொன்றும் விடலாம். சாவதற்கான வாய்ப்பு எவ்வளவு இருந்தால் 'இரண்டும் ஒன்றுதான்' என்பீர்கள்? நூற்றில் இருபது என்று ஒருவர் சொன்னால் அவருடைய இப்போதைய நிலைக்கு 0.8 மதிப்பெண். 1972இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் டோரன்ஸும் நண்பர்களும் சூதாட்டத்தை விலக்கி, காலத்தைப் பேரம் பேசும் முறையைக் கொண்டுவந்தார்கள். இந்த நோயோடு பத்து ஆண்டு, நலத்தோடு அதைவிடக் குறைந்த ஆண்டு. எத்தனை ஆண்டு என்றால் சரி என்பீர்கள்? எட்டு என்றால் அதே 0.8. ஆயுளை இந்த எண்ணால் பெருக்கினால் வருவதுதான் தரம் திருத்திய வாழ்வாண்டு. ஒரு விலையுயர்ந்த மருந்தை அரசுச் செலவில் கொடுக்கலாமா என்று பிரிட்டன் போன்ற நாடுகள் தீர்மானிக்கும்போது நாணயம் போலப் புழங்குவது இந்த அலகுதான்.

காகிதத்தில் அழகான முறைகள். ஒரு வார்டுக்குள் எடுத்துக்கொண்டு போனால் அழகு குலைகிறது. புற்றுநோய் என்று நேற்றுத்தான் கேள்விப்பட்டவரிடம் கொல்லக்கூடிய மாத்திரையைப் பற்றிக் கற்பனை செய்யச் சொல்வது இரக்கமற்ற செயல். சிலர் எந்தப் பேரத்துக்கும் இணங்குவதில்லை. எவ்வளவு துன்பமானாலும் ஒரு மாத ஆயுளைக்கூட விட்டுத்தர மாட்டோம் என்கிறார்கள். அது துன்பம் இல்லை என்பதற்கான பதிலா, ஆயுள் பேரம் பேசும் பொருளில்லை என்ற நம்பிக்கையா, கேள்வி புரியாததன் விளைவா? எண் மூன்றையும் ஒன்றாகவே காட்டும். அது 1.0.

கேள்வியின் வடிவம் பதிலை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டியதும் மெக்நீல்தான். 1982இல் உளவியலாளர் ஏமஸ் ட்வெர்ஸ்கியோடு சேர்ந்து செய்த ஆய்வு அது. நாள்பட்ட வேறு நோய்களுக்காக வந்த வெளிநோயாளிகள், மருத்துவர்கள், மேலாண்மை மாணவர்கள் என மூன்று தரப்பினர். கேள்வி மறுபடி நுரையீரல் புற்று. ஒரு பாதிப் பேருக்கு இப்படிச் சொன்னார்கள்: அறுவை செய்துகொண்ட 100 பேரில் 90 பேர் அறுவையைத் தாண்டுவார்கள், ஓராண்டு முடிவில் 68 பேர், ஐந்தாண்டு முடிவில் 34 பேர் உயிரோடு இருப்பார்கள்; கதிர்வீச்சில் 100 பேரும் சிகிச்சையைத் தாண்டுவார்கள், பிறகு 77, பிறகு 22. மறுபாதிக்கு அதே எண்களைச் சாவுக் கணக்காகச் சொன்னார்கள்: அறுவையின்போது 10 பேர் இறப்பார்கள், ஓராண்டுக்குள் 32, ஐந்தாண்டுக்குள் 66; கதிர்வீச்சில் சிகிச்சையின்போது யாருமில்லை, பிறகு 23, பிறகு 78. ஒரே தகவல்தான். பிழைப்புக் கணக்கைக் கேட்டவர்களில் 18 விழுக்காட்டினர் கதிர்வீச்சைத் தேர்ந்தார்கள். சாவுக் கணக்கைக் கேட்டவர்களில் 44 விழுக்காட்டினர். மருத்துவம் படித்தவர்களும் புள்ளியியல் படித்தவர்களும் இதில் தப்பவில்லை.

இந்த முடிவை உளவியல் புத்தகங்கள் ஒரு விந்தையாக எடுத்துச் சொல்லும். எனக்கு அது விந்தையாகப் படவில்லை, எச்சரிக்கையாகப் படுகிறது. புறநோயாளிப் பிரிவில் எந்தச் சொல் முதலில் வருகிறது என்பதே ஒருவர் அறுவை அரங்குக்குப் போவதையும் போகாததையும் தீர்மானிக்கிறது என்றால், 'நோயாளியே தேர்ந்தெடுத்தார்' என்று கேஸ் ஷீட்டில் எழுதுவதற்கு என்ன பொருள்?

அடுத்தது, யாரிடம் கேட்பது. இங்கேதான் விஷயம் நன்றாகச் சூடு பிடிக்கிறது. 1990இல் பிரிட்டனில் மாரிஸ் ஸ்லெவின் குழு, கடுமையான கீமோதெரபி ஒன்றை விவரித்து, குறைந்தது எவ்வளவு குணமாகும் வாய்ப்பு இருந்தால் ஏற்பீர்கள் என்று பல தரப்பிடம் கேட்டது. நோயில்லாத பொதுமக்கள் சராசரியாக நூற்றுக்கு ஐம்பது வேண்டும் என்றார்கள். புற்றுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நூற்றுக்கு ஒன்று போதுமாக இருந்தது. மருத்துவர்களும் செவிலியரும் நோயாளிகளைவிட மிக அதிகம் கேட்டார்கள். 'இந்த நிலையில் இவருக்கு எதற்குக் கீமோ' என்று சொந்தக்காரர்கள் கூடிப் பேசும்போது அந்த ஐம்பதுக்காரர்கள் ஒன்றுக்காரருக்குப் பதிலாக முடிவெடுக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

அப்படியானால் நோயாளி எதையும் தாங்கத் தயார் என்று பொருளா? 1998இல் ஜெரார்ட் சில்வெஸ்ட்ரியும் வேறு இருவரும் வெளியிட்ட ஆய்வு எதிர்ப்புறம் இழுக்கிறது. முற்றிய நுரையீரல் புற்றுக்கு ஏற்கெனவே சிஸ்பிளாட்டின் கலந்த கீமோ எடுத்துக்கொண்டு அதன் வாந்தியையும் சோர்வையும் அறிந்த 81 பேர். மூன்று மாதம் கூடுதல் ஆயுள் கிடைக்கும் என்றால் கீமோவை ஏற்போம் என்றவர்கள் 22 விழுக்காடு மட்டுமே. ஆயுள் ஒரு நாள்கூட நீளாது, ஆனால் மூச்சுத்திணறலும் வலியும் நன்றாகக் குறையும் என்றால் ஏற்போம் என்றவர்கள் 68 விழுக்காடு. லேசான பக்கவிளைவுக்கு நாலரை மாதமும், கடுமையானதற்கு ஒன்பது மாதமும் கூடுதலாகக் கேட்டார்கள். இவை நடுவண் மதிப்புகள், அதாவது பாதிப் பேர் இதைவிடக் குறைவாகவும் பாதிப் பேர் கூடுதலாகவும் கேட்டார்கள். உள்ளே ஒரு வாரத்துக்கே சம்மதித்தவர்களும் உண்டு, இரண்டாண்டு கொடுத்தாலும் வேண்டாம் என்றவர்களும் உண்டு.

இரண்டு ஆய்வும் மோதுவது போலத் தெரியும். உண்மையில் அவை வெவ்வேறு பொருளை அளந்தன. குணமாகும் வாய்ப்பு என்பது நூற்றில் ஒன்றானாலும் ஒரு கதவு. கூடுதல் மாதங்கள் என்பவை எண்ணிச் செலவழிக்க வேண்டியவை. அங்கே மனிதர்கள் கணக்குப் பார்க்கிறார்கள். சிகாகோவில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளிடம் பலன்களை முன்னுரிமைப்படி அடுக்கச் சொன்னபோதும் குணமாவது முதலிடத்தில் நின்றது. பேச்சும் தோற்றமும் வெகு கீழே போயின. நலமாக இருந்த தீயணைப்பு வீரர்கள், அதிகாரிகளில் ஐந்தில் ஒருவருக்குப் பெரிதாகத் தெரிந்த குரல், நோயாளிகளின் பட்டியலில் அவ்வளவு பெரிதாக இல்லை. ஆனால் அடுக்கச் சொல்வதில் ஒரு குறை உண்டு. முதலிடம், ஐந்தாம் இடம் என்பது வரிசையைச் சொல்லுமே தவிர, ஒன்றை விட்டுக்கொடுத்து மற்றொன்றை எவ்வளவு வாங்கலாம் என்பதைச் சொல்லாது.

பழக்கமும் மதிப்பை மாற்றுகிறது. மலக்குடல் நோய்க்கு அறுவை செய்து வயிற்றில் பை வைத்துக்கொண்டவர்களின் வாழ்க்கை எவ்வளவு மோசமாக இருக்கும் என்று கேட்டால் பொதுமக்கள் மிக இருண்ட படம் தீட்டுவார்கள். பையோடு வாழ்பவர்களைக் கேட்டால் படம் வெளிச்சமாக இருக்கும். பீட்டர் யூபெலும் சகாக்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் இன்னொரு முடிச்சு: முன்பு பை வைத்திருந்து, பிறகு எடுத்துவிட்டவர்கள் அந்தக் காலத்தைப் பொதுமக்களைப் போலவே இருட்டாக நினைவுகூர்ந்தார்கள். அனுபவித்தவரே மறந்துபோகிறார் என்றால் அறுவைக்கு முன் கற்பனையில் பயப்படுபவரின் பதிலை எவ்வளவு நம்புவது? நம்பாமல் விடவும் முடியாது, ஏனென்றால் முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான். அறுவைக்கு முன் அதே பையோடு வாழும் ஒருவரிடம் அரைமணி நேரம் பேச வைப்பது எந்தக் கேள்வித்தாளையும்விட நல்ல அளவுகோல் என்பது என் கட்சி.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது. நோயாளிக்கு என்ன தெரியும்?

2012இல் ஜேன் வீக்ஸ் தலைமையில் வெளியான ஆய்வில் அமெரிக்காவில் 1,193 பேரிடம் கேட்டிருந்தார்கள். எல்லோருக்கும் பரவிவிட்ட நுரையீரல் புற்று அல்லது பெருங்குடல் புற்று. எல்லோரும் கீமோ எடுத்துக்கொண்டவர்கள். அந்த நிலையில் கீமோ ஆயுளைச் சற்று நீட்டும், தொல்லையைக் குறைக்கும், குணமாக்காது. இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாதவர்கள் நுரையீரல் புற்றில் 69 விழுக்காடு, குடல் புற்றில் 81 விழுக்காடு. இன்னும் உறுத்துவது, 'எங்கள் டாக்டர் நன்றாகப் பேசுவார்' என்று அதிக மதிப்பெண் போட்டவர்களிடமே இந்தத் தவறான நம்பிக்கை அதிகமாக இருந்தது. கனிவாகப் பேசுவதும் உண்மையைப் பேசுவதும் ஒரே வாயில் வருவது அரிது போலும். இதே வீக்ஸ் 1998இல் இன்னொன்றையும் காட்டியிருந்தார்: ஆறு மாதம் நிச்சயம் இருப்போம் என்று நம்பியவர்கள், அந்த நம்பிக்கை இல்லாதவர்களைவிட இரண்டரை மடங்குக்கு மேல் ஆயுள் நீட்டும் சிகிச்சையைத் தேர்ந்தார்கள். அதனால் அவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்துவிடவில்லை. நூற்றுக்கு ஒன்று போதும் என்று சொன்ன நோயாளி, தனக்கு அந்த ஒன்றுகூட இல்லை என்று தெரிந்தால் என்ன சொல்வார்? அவருக்கு என்ன தெரியும் என்பதை அளக்காமல் விருப்பத்தை அளந்தால் கிடைப்பது விருப்பம் அல்ல, அறியாமையின் அளவு.

நம் ஊரில் இந்தச் சிக்கலுக்குத் தனி முகம் உண்டு. ஃபைலோடு மகன் உள்ளே வருவார், அப்பா வெளியே பெஞ்சில் இருப்பார். 'அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டாரு' என்பது எல்லாப் புற்றுநோய் மருத்துவரும் கேட்டுப் பழகிய வாக்கியம். வயிற்றில் கட்டி, குடலில் புண் என்று ஏதோ சொல்லி அழைத்து வந்திருப்பார்கள். 'கரண்ட் வைக்கப் போறாங்க' என்ற அளவில் அவருக்குச் சிகிச்சை தெரியும், நோய் தெரியாது. மகனின் பாசத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த அறையில் அளக்கப்படுவது மகனின் விருப்பம். நிலத்தை விற்றாவது பார்த்துவிட வேண்டும், நாளைக்கு ஊர் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பவையும் அதில் கலந்திருக்கின்றன. அப்பாவைக் கேட்டால் நிலத்தை விற்காதே என்றுகூடச் சொல்லக்கூடும்.

சொன்னால் உடைந்துபோவார்களா? ஜெனிஃபர் டெமல் பாஸ்டனில் செய்து 2010இல் வெளியிட்ட சோதனையை இங்கே நினைக்க வேண்டும். பரவிய நுரையீரல் புற்றுள்ள 151 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை, மறுபாதிக்கு அதனோடு தொடக்கத்திலிருந்தே நோய்தணிப்புப் பராமரிப்புக் குழுவின் சந்திப்புகள். வலி, சோர்வு இவற்றைக் கவனித்ததோடு நோயின் போக்கைப் பற்றியும் அந்தக் குழு பேசியது. இரண்டாம் குழுவில் மனச்சோர்வு குறைவு, கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சை குறைவு. வாழ்ந்த காலம் நடுவண் கணக்கில் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். ஒரே மருத்துவமனையில் நடந்த சோதனை, எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். உண்மை கொல்லும் என்ற பயத்துக்கு மட்டும் அது நல்ல பதில்.

விருப்பத்தை அளக்க இப்போது அதிகம் புழங்கும் முறை வேறு. சந்தையில் காரும் சோப்பும் எப்படித் தேர்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வளர்ந்த தேர்வுச் சோதனை. இதன் கணிதத்துக்கு அடித்தளமிட்ட டேனியல் மெக்ஃபேடனுக்கு 2000இல் பொருளாதார நோபல் கிடைத்தது. இரண்டு கற்பனைச் சிகிச்சைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். 'அ'வில் 14 மாத ஆயுள், கடும் சோர்வு, விரல்கள் மரத்துப்போகும், மாதம் நான்கு முறை மருத்துவமனை. 'ஆ'வில் 11 மாதம், லேசான சோர்வு, மாத்திரை வீட்டிலேயே. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிறகு எண்களை மாற்றி மறுபடி, மறுபடி. பதில்களைக் கூட்டிப் பார்த்தால் விரல் மரப்பைத் தவிர்க்க மக்கள் எத்தனை வாரம் விட்டுத்தருவார்கள் என்று கணக்கு வந்துவிடும். சூதாட்டக் கேள்வியைவிட இது வாழ்க்கைக்கு நெருக்கம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் மருத்துவக் கருவிகளுக்கான வழிகாட்டுதலில் நோயாளி விருப்பத் தகவலுக்கு இடம் கொடுத்தது. அதே ஆண்டு ஐரோப்பாவில் பிரிஃபர் என்ற பெருந்திட்டம் தொடங்கி 2022 வரை நடந்தது. மருந்து நிறுவனங்களும் இந்த முறையை ஆவலோடு தழுவிக்கொண்டிருக்கின்றன. ஆவலுக்குக் காரணம் புரியக்கூடியதே: நோயாளிகள் இந்த ஆபத்தை ஏற்கத் தயார் என்று காட்டினால் அனுமதி எளிதாகும். கேள்வித்தாளில் எந்தப் பலனைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை ஆய்வுக்குப் பணம் கொடுப்பவர் தீர்மானிக்கும்போது கவனம் தேவை.

பெரும்பாலும் விடுபடுபவை நேரமும் பணமும். மார்பகப் புற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு கொடுப்பதும் மார்பகத்தையே எடுப்பதும் ஆயுளில் வேறுபடுவதில்லை என்று பெர்னார்ட் ஃபிஷரின் சோதனை 20 ஆண்டுத் தொடர்கண்காணிப்போடு 2002இல் உறுதி செய்தது. ஆக, முடிவு பெண்ணின் விருப்பம். ஆனால் அந்தக் கதிர்வீச்சுக்குப் பல வாரம் தினமும் வர வேண்டியிருந்தது. மாவட்டத் தலைநகரில் கருவி இல்லாத ஊர்க்காரப் பெண், சிகிச்சைச் செலவைக் காப்பீடு ஏற்றாலும், பஸ் கட்டணத்துக்கும் தங்கும் இடத்துக்கும் பயந்து 'எடுத்துடுங்க டாக்டர்' என்று சொன்னால் அது விருப்பப் பட்டியலில் மார்பகத்தை எடுப்பது என்றே பதிவாகும். 2020இல் வெளியான பிரிட்டனின் ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் சோதனை, ஒரே வாரத்தில் ஐந்து முறை கொடுத்தால் போதும் என்று காட்டியது. கால அளவு சுருங்கும்போது அதே பெண்ணின் 'விருப்பமும்' மாறலாம். மாறினால், முன்பு அளந்தது அவர் மனதையா, பஸ் வசதியையா? மினசோட்டாவின் அர்ஜுன் குப்தாவும் சகாக்களும் 2022இல் நேர நஞ்சு என்ற கருத்தை முன்வைத்தார்கள்: சிகிச்சை தரும் கூடுதல் நாட்களில் எத்தனை மருத்துவமனை வரிசையிலேயே கழிகின்றன என்று கணக்கிடுங்கள் என்பது அவர்கள் வாதம். நம் அரசு மருத்துவமனைகளின் வரிசைகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விருப்பம் உண்மையாகவே முடிவெடுக்க வேண்டிய இடத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு ஆண்களின் புராஸ்டேட் புற்று. பிரிட்டனின் புரொடெக்ட் சோதனையில் தொடக்க நிலையிலிருந்த 1,643 பேர் அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என மூன்றாகப் பிரிக்கப்பட்டார்கள். 15 ஆண்டு கழித்தும் எந்தக் குழுவிலும் அந்தப் புற்றால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவே. கண்காணிப்பில் நோய் பரவியவர்கள் கூடுதல். அறுவையில் சிறுநீர்க் கசிவும் ஆண்மைக் குறைவும் கூடுதல். இங்கே எந்த மருத்துவரும் 'இதுதான் சரி' என்று சொல்ல முடியாது. ஒருவருக்குக் கசிவு பெரிய அவமானம், இன்னொருவருக்கு உள்ளே புற்று இருக்கிறது என்ற நினைப்பே தூக்கத்தைக் கெடுக்கும்.

குரல்வளைக் கதையும் அப்படியே நிற்கவில்லை. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 332 பேரிடம் நடந்து 1991இல் வெளியான சோதனை, முதலில் கீமோ, பிறகு கதிர்வீச்சு என்ற வழியில் 64 விழுக்காட்டினரின் குரல்வளையைக் காப்பாற்றியது. இரண்டாண்டு பிழைப்பு இந்த வழியிலும் அறுவை வழியிலும் 68 விழுக்காடு. குரலா ஆயுளா என்ற பேரமே பலருக்குத் தேவையற்றதாகிவிட்டது. விருப்பத்தை அளப்பதன் பெரிய பயன் இதுதான் என்பேன்: மனிதர்கள் எதை இழக்க மனமில்லாமல் ஆயுளைக்கூட விட்டுத்தரப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால், அடுத்த ஆராய்ச்சி எங்கே போக வேண்டும் என்று தெரியும்.

இந்தியாவில் இதற்கான அடித்தளம் இப்போதுதான் விழுந்திருக்கிறது. மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கென 2017இல் அரசு ஒரு அமைப்பை நிறுவியது. ஐந்து கேள்விகளில் ஐந்து நிலைகள் கொண்ட இக்யூ-5டி என்ற கருவி 3,125 உடல்நிலைகளை விவரிக்கும். அவற்றுக்கு இந்தியர்கள் தரும் மதிப்பெண்களை ஐந்து மாநிலங்களில் கேட்டுத் தொகுத்து 2022இல் வெளியிட்டார்கள். காலப் பேரம் அதில் கேட்ட முறைகளில் ஒன்று. இங்கிலாந்துக்காரரின் மதிப்பெண்ணை வைத்து இந்திய நோயாளியின் ஆயுளை எடைபோட்டுக்கொண்டிருந்ததைவிட இது பெரிய முன்னேற்றம். ஆனால் அந்த மதிப்பெண்கள் பொதுமக்களுடையவை. வரிப்பணத்தைப் பங்கிடுவதற்குப் பொதுமக்களைக் கேட்பது நியாயம்தான். தனி ஒரு நோயாளியின் படுக்கையருகே அந்தச் சராசரியைக் கொண்டுபோய் நிறுத்துவது நியாயமில்லை. ஐம்பதுக்கும் ஒன்றுக்கும் உள்ள தூரத்தை ஸ்லெவின் காட்டிவிட்டார்.

எல்லா நோயாளிகளும் முடிவெடுக்க விரும்புகிறார்களா என்ற கேள்வி மிச்சம். லெஸ்லி டெக்னரும் ஜெஃப் ஸ்லோனும் 1992இல் கனடாவில் கேட்டபோது பொதுமக்களில் 64 விழுக்காட்டினர், எனக்குப் புற்று வந்தால் நானே சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பேன் என்றார்கள். நோய் வந்தவர்களில் 59 விழுக்காட்டினர், மருத்துவர் முடிவெடுக்கட்டும் என்றார்கள். 'நீங்க பார்த்துச் செய்யுங்க டாக்டர்' என்பதும் ஒரு விருப்பமே, அதை மதிக்க வேண்டும். ஆனால் அது தேர்வை ஒப்படைக்கும் வாக்கியம். தனக்கு எது முக்கியம் என்று சொல்லும் உரிமையை அவர் அதில் கைவிடவில்லை. பார்த்துச் செய்யும் மருத்துவரால் அதைத் தெரிந்துகொள்ளாமல் பார்க்கவும் முடியாது.

ஆகவே வீட்டில் ஒருவருக்குப் புற்று என்றால், சிகிச்சை தொடங்குமுன் நோயாளி இருக்கும்போதே நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இது குணமாக்கும் சிகிச்சையா, ஆயுளை நீட்டும் சிகிச்சையா? நூறு பேருக்குக் கொடுத்தால் எத்தனை பேர் பிழைப்பார்கள், எத்தனை பேர் இறப்பார்கள்? இரண்டு எண்ணையும் கேளுங்கள், ஒன்று போதாது. எத்தனை நாள் மருத்துவமனையில் போகும்? மருந்துக்கு வெளியே எவ்வளவு செலவாகும்? பதில்கள் வந்த பிறகு அவரைப் பார்த்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். பதில் சொல்ல நேரம் கொடுங்கள், இடையில் நீங்கள் பேசாதீர்கள்.